25 வயசுல 8 ரவுண்டு தாங்காத ஃபோர்மேன், 42 வயசுல 12 ரவுண்டு நின்னது எப்படி?

ரிங்_ஓரம்:

அமெரிக்க ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மேனோட சண்டைகளை வரிசையா பார்க்கும்போது ஒரு விஷயம் இடிக்குது. 1974 அக்டோபர் 30, ஸயர் (இப்ப காங்கோ) நாட்டுத் தலைநகர் கின்ஷாசா, முகமது அலியோட பட்டச் சண்டை. வயசு 25. 40 சண்டை, 40 வெற்றி, அதுல 37 நாக்அவுட். அப்படிப்பட்ட ஆளுக்கு அஞ்சாவது ரவுண்டு முடியறதுக்குள்ளயே கை தொங்கிப் போகுது, எட்டாவதுல அலி சாய்ச்சுடறார். அதே ஆள் 1991 ஏப்ரல்ல, 42 வயசுல, 257 பவுண்டு உடம்பை வச்சுக்கிட்டு அப்போதைய சாம்பியன் ஹோலிஃபீல்டுக்கு எதிரா 12 ரவுண்டும் ஆடி முடிக்கிறார். ரவுண்டுக்கு நடுவுல ஸ்டூல்ல கூட உட்காரல.

வயசான பிறகு தம் கூடுமா என்ன? 1977லேர்ந்து 1987 வரைக்கும் ரிங்கை விட்டு விலகியிருந்தாரே, அந்தப் பத்து வருஷ இடைவெளியில எது மாறிச்சு? அப்புறம் திரும்பி வந்த பிறகு ரெண்டு கையையும் குறுக்கே கட்டின மாதிரி ஒரு கார்டு (அடியைத் தடுக்கிற கை நிலை) வச்சிருக்காரே, அதை எப்படிப் பிடிக்கணும், ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) ஆரம்பிச்ச நிலையில இருக்கறவங்க அதைப் பழகலாமான்னும் சொல்லுங்க.

பழைய_மணியோசை:

"ஃபோர்மேனுக்குத் தம் கிடையாது"ங்கிறது நம்ம ஊர்ல கொஞ்சம் அதிகமாவே ஓடுற பேச்சு. அலி 1980ல சென்னைக்கே வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சிச் சண்டை ஆடிட்டுப் போனவர், அதனால இங்க ஃபோர்மேன் எப்பவும் வில்லன்தான். ஆனா ரெக்கார்டைப் பாருங்க. 1970ல கிரெகோரியோ பெரால்டாவோட 10 ரவுண்டும் ஆடி பாயின்ட்ல ஜெயிச்சிருக்கார். 1971ல அதே பெரால்டாவை 10வது ரவுண்டுலதான் நிறுத்தினார். நீண்ட சண்டை அவருக்குத் தெரியாத விஷயம் இல்ல.

அதுக்கப்புறம்தான் கெடுதல் ஆரம்பிச்சது. 1973 ஜனவரி 22, கிங்ஸ்டன்ல ஜோ ஃப்ரேசியரை ஆறு தடவை கீழே தள்ளி ரெண்டாவது ரவுண்டுலயே பட்டத்தை வாங்கினார். டோக்கியோல ஹோசே ரோமன் முதல் ரவுண்டு. கராகஸ்ல கென் நார்ட்டன் ரெண்டாவது ரவுண்டு. மூணு பட்டச் சண்டையையும் சேர்த்தாக் கூட 5 ரவுண்டைத் தாண்டல. மூணாவது ரவுண்டுக்கு மேல என்ன வேகத்துல ஆடணும்னு உடம்புக்குச் சொல்லிக் கொடுக்க வாய்ப்பே வரல. இது ஜெயிச்சுக்கிட்டே இருக்கிற நாக்அவுட் ஆட்டக்காரர்களுக்கு வர்ற நோய், ஃபோர்மேனுக்கு மட்டும் இல்ல.

இதுல இன்னொண்ணு சேர்ந்துச்சு. அலி சண்டைக்கு முதல்ல வச்ச தேதி 1974 செப்டம்பர் 25. அதுக்கு எட்டு நாள் முன்னாடி ஸ்பாரிங்ல ஃபோர்மேனுக்கு வலது கண் மேல வெட்டு. தேதி அஞ்சு வாரம் தள்ளிப்போச்சு. வெட்டு ஆறாம ஸ்பாரிங் பண்ண முடியாது. குத்துப் பையை (பேக்) அடிக்கலாம், ஓடலாம், ஆனா எதிராளி மேல சாயும்போதும் பிடிச்சு இழுக்கும்போதும் வர்ற களைப்பு ஸ்பாரிங்ல மட்டும்தான் பழகும்.

இப்ப சண்டைக்குள்ள வாங்க. அலி கயிறுல சாஞ்சு அடி வாங்கினார், இவர் அடிச்சு அடிச்சுக் களைச்சார்னு சொல்லுவாங்க. அது பாதிதான். மூணு விஷயத்தை உத்துப் பாருங்க.

ஒண்ணு, ஃபோர்மேனோட குத்து எல்லாம் தோள்லேர்ந்து அரைவட்டமா வருது. பட்டா எதிராளி உடம்பே கையை நிறுத்திடும். படலைன்னா வீசின கையை நம்ம முதுகும் பின்தோளும்தான் பிரேக் போட்டு நிறுத்தணும். தவறின குத்து பட்ட குத்தை விட அதிகமாச் சாப்பிடும். கயிறு தளர்வா இருந்ததால அலி இடுப்புக்கு மேல பின்னால வளைஞ்சு தலையை எட்டாத தூரத்துக்குக் கொண்டு போனார். தலைக்கு வீசினது பெரும்பாலும் காத்துல போச்சு, விலாவுக்கு வந்தது முழங்கைல பட்டுச்சு.

ரெண்டு, கிட்ட வரும்போதெல்லாம் அலி கையை ஃபோர்மேனோட பிடரில போட்டுக் கீழே அமுக்கறார். கண்டிப்பா நடுவர் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம், பெருசா சொல்லல. கழுத்தாலயும் கீழ்முதுகாலயும் இன்னொரு ஆளைத் தாங்கிக்கிட்டு நிமிரணும். இதை ரவுண்டுக்கு நாலு தடவை பண்ணிப் பாருங்க, கால்தான் முதல்ல போகும்.

மூணு, அலி சும்மா அடி வாங்கிட்டு இருக்கல. முதல் ரவுண்டுலயே ஜாப் (முன்கையால போடற நேர்க் குத்து) இல்லாம நேரா வலது கையை முதல் குத்தா விட்டார். வலது கை வர்ற தூரம் அதிகம், யாரும் அதை முதல்ல விட மாட்டாங்கன்னு ஃபோர்மேன் எதிர்பார்க்கவே இல்ல. அதுக்கப்புறம் ஒவ்வொரு ரவுண்டோட கடைசி அரை நிமிஷத்துலயும் கயிறுல இருந்தபடியே நேர்க் குத்துகளை முகத்துல போட்டுக்கிட்டே இருந்தார். எட்டாவது ரவுண்டு முடிய 2 விநாடி இருக்கும்போது கணக்கு முடிஞ்சது.

காலை 4 மணிக்கு நடந்தாலும் புழுக்கம் குறையல, அதுவும் சேர்ந்துச்சு. கயிறை அலியோட கோச் டண்டீ வேணும்னே தளர்த்தினார்ன்னு ஒரு கதை சுத்துது. அவர் மறுத்துட்டார், சூட்டுல கயிறு தொய்ஞ்சு போச்சு, இறுக்கத்தான் பார்த்தேன்னார். தண்ணியில மருந்து கலந்து கொடுத்தாங்கன்னு ஃபோர்மேனே ஒரு காலத்துல சொல்லியிருக்கார். ஆதாரம் எதுவும் வெளிய வரல. மேல சொன்ன மூணும் இருக்கும்போது மருந்தே தேவையில்லங்கிறது என் கருத்து.

நேர்க்குத்து:

மேலே பழைய மணியோசை சொன்னதோடு 1977 மார்ச் 17 சான் ஹுவான் சண்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிம்மி யங்கிடம் 12 ரவுண்டு, கடைசி ரவுண்டில் ஃபோர்மேன் கீழே விழுந்து, தீர்ப்பில் தோற்றார். உடைமாற்றும் அறையில் வெப்பத்தால் நிலைகுலைந்தபோது ஆன்மீக அனுபவம் ஒன்று நேர்ந்ததாகச் சொல்லி, குத்துச்சண்டையையே விட்டுவிட்டு ஹூஸ்டனில் மதபோதகர் ஆனார். 10 வருடம் ரிங் பக்கமே வரவில்லை. இளைஞர் மையம் ஒன்று நடத்தி வந்தார், அதற்குப் பணம் தேவைப்பட்டதே திரும்பி வர முக்கியக் காரணம். 1987 மார்ச் 9 அன்று சாக்ரமென்டோவில் ஸ்டீவ் ஸவுஸ்கியுடன் மோதியபோது எடை 267 பவுண்டு, கிட்டத்தட்ட 121 கிலோ. கின்ஷாசாவில் 220.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: தம் கூடவில்லை, செலவு குறைந்தது. எங்கெங்கே குறைத்தார் என்று பார்க்கலாம்.

கால். 1973இல் எதிராளியைத் துரத்தி மூலையில் அடைப்பார். 1987க்குப் பிறகு ரிங்கின் நடுவை எடுத்துக்கொண்டு அரையடி அரையடியாகத்தான் நகர்கிறார். நடுவில் இருப்பவன் ஓரடி திரும்பினால் போதும், ஓரத்தில் சுற்றுபவன் மூன்றடி நடக்க வேண்டும். 1991 சண்டையில் 208 பவுண்டு ஹோலிஃபீல்ட்கூட ஃபோர்மேனை விட அதிகம் நடந்தார்.

ஜாப். இளமையில் அது தள்ளிவிடும் கையாக மட்டும் இருந்தது. இரண்டாம் முறை அதுவே பிரதான ஆயுதம். தோளை முழுக்கத் திருப்பிப் போடும் கனமான ஜாப். வேகம் கம்மி, ஆனால் எடை பின்னால் இருக்கிறது. எதிராளி உள்ளே வரும் வழியில் அதை வைத்துவிடுகிறார்.

குத்தின் நீளம். அரைவட்டம் போய்விட்டது. வலது கை கன்னத்திலிருந்து நேராக முன்னால் போய்த் திரும்புகிறது. தவறினாலும் உடம்பு சுழல்வதில்லை.

வெறி. இது நுட்பம் இல்லை என்று நினைக்காதீர்கள். முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் சன்னி லிஸ்டனோடு ஸ்பாரிங் செய்து வளர்ந்தவர், அந்த முறைப்பையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார். முறைப்போடு வரும்போது தோளும் தாடையும் முதல் மணிக்கு முன்பே இறுகிவிடும். இறுகிய தசைக்கு ரத்தம் குறைவாகப் போகும், ஐந்து நிமிடத்தில் கை கனக்கும். பின்னாளில் ரிங்குக்குள் அவர் முகத்தையும் தோளையும் பாருங்கள், இரண்டும் தளர்வாக இருக்கும்.

ஸ்டூலில் உட்காராதது எதிராளிக்குக் காட்டும் வேடிக்கை. அதைக் காப்பி அடிக்க வேண்டாம். ஒரு நிமிட ஓய்வில் உட்கார்ந்தால் தொடைக்கு ஓய்வு, நாடித்துடிப்பு சீக்கிரம் இறங்கும்.

சோடா_பாட்டில்:

ஒரு உண்மையை யாரும் சொல்லலையே. திரும்பி வந்த பிறகு ஹோலிஃபீல்டுக்கு முன்னாடி வாங்கின 24 வெற்றியில பாதிக்கு மேல யாருன்னே தெரியாத ஆளுங்க. நல்லா தேர்ந்தெடுத்து வச்ச சண்டைங்க. ட்வைட் காவி, ஜெர்ரி கூனி மாதிரி ரெண்டு மூணு பேரைத்தான் பேர் சொல்லலாம், அதுலயும் கூனி 1990ல ரிட்டையர்மென்ட்லேர்ந்து வந்தவர். அதையும் கணக்குல வைங்கப்பா.

நேர்க்குத்து:

சரிதான், ஆனால் அதுவும் திட்டத்தின் பகுதி. உடம்பைக் குறைக்கும் முன் 300 பவுண்டுக்கு மேல் இருந்த 38 வயதுக்காரர் ஜிம்மில் மட்டும் உடம்பைக் கொண்டுவர முடியாது. சிறு எதிராளிகளோடு அடிக்கடி ஆடியதால் ரவுண்டுகள் சேர்ந்தன, முதல் வாழ்க்கையின் கடைசி மூன்று வருடத்தில் கிடைக்காதது இதுதான். ஹோலிஃபீல்டிடம் 116-111, 117-110, 115-112 என்றுதான் தோற்றார்.

குறுக்குக்_கார்டு:

கார்டு பற்றிக் கேட்டீங்க. இது முன்னாள் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஆர்ச்சி மூர் பயன்படுத்தின முறை. மூர் 1974லயே ஃபோர்மேன் கார்னர்ல இருந்தார், ஆனா முழுசா அது ஒட்டிக்கிட்டது திரும்பி வந்த பிறகுதான். வலதுகைக்காரருக்கான நிலை:

நிற்கிறது வழக்கம்போலதான், எடை மட்டும் பின்காலுக்குக் கொஞ்சம் கூட. தாடை உள்ளே. வலது முன்கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டு வாங்க, வலது க்ளவுஸ் இடது தோள் பக்கம் இருக்கணும், முழங்கை வலது பக்கம் தாடை உயரத்துல. கண்ணு அந்த முன்கைக்கு மேலாகப் பார்க்கணும். இடது முன்கை மேல்வயித்துக்குக் குறுக்கே, க்ளவுஸ் வலது முழங்கைக்கு நேர் கீழே.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். வலது முழங்கையைத் தூக்கினதும் வலது விலா திறந்துடுது, அங்கதான் கல்லீரல். எதிராளியோட இடது ஹூக் (பக்கவாட்டுல வளைச்சு அடிக்கிற குத்து) நேரா வந்து விழற இடம் அது. இடது க்ளவுஸ் அந்த ஓட்டையை அடைக்கிறதுக்காகத்தான் அங்க இருக்கு. பழகறவங்க பத்துல எட்டுப் பேர் இடது கையைத் தொப்புள் மேல சும்மா போட்டு வச்சிருப்பாங்க. ஒரு நல்ல ஹூக், அப்படியே மடங்கி உட்கார வேண்டியதுதான்.

ரெண்டாவது தப்பு, கையை முகத்தோட ஒட்டி வைக்கிறது. அப்படி வச்சா எதிராளி குத்து நம்ம கையையே நம்ம மூக்குல மோத வைக்கும். ஒரு சாண் முன்னால தள்ளி வைங்க. ஃபோர்மேன் இன்னும் நீட்டி வைப்பார். எதிராளி கை முழுசா நீளறதுக்கு முன்னாடியே பாதி வழியில அதை மடக்கிடுவார். நீளாத குத்துல வலு இருக்காது.

மூணாவது, தலைக்கு வர்ற இடது ஹூக். கை ரெண்டும் குறுக்கே கட்டி இருக்கறதால வலது காதை மூட க்ளவுஸ் இல்ல. முழங்கையைக் காது உயரத்துக்குத் தூக்கி, இடுப்பிலேர்ந்து கொஞ்சம் பின்னால சாயணும். நிமிர்ந்தே நின்னா மாட்டுவீங்க. முன்கைக்குக் கீழேர்ந்து வர்ற அப்பர்கட்டும் அதே மாதிரி, தாடை உள்ளே இல்லைன்னா இந்த கார்டு அதுக்கு வாசலைத் திறந்து வைக்குது.

லாபம் என்னன்னா, நடுவுல நேரா வர்ற குத்து ரெண்டு கை மேல படும். தோள் இறங்கி இருக்கறதால ரெண்டு கையையும் நெத்திக்கு நேரா தூக்கி வைக்கிற கார்டை விடக் களைப்பு கம்மி, 42 வயசு தோளுக்கு அது பெரிய விஷயம். குறுக்கே இருக்கிற இடது கை ஹூக்குக்கு ஏற்கெனவே சுருட்டி வச்ச நிலையில இருக்கு. நஷ்டம், அங்கேர்ந்து ஜாப் போட்டா மெதுவா, கீழேர்ந்து வரும். அதனாலதான் ஃபோர்மேன் தாக்கும்போது இடது கையை வெளியே நீட்டியும், அடி வரும்போது மட்டும் குறுக்கே மூடியும் வச்சார். ரவுண்டு முழுக்க மூடி வைக்கல. 1992ல அலெக்ஸ் ஸ்டூவர்ட்டோட ஆடினப்ப ஸ்டூவர்ட்டை ரெண்டு தடவை கீழே தள்ளி ஜெயிச்சும் ஃபோர்மேன் முகம் வீங்கி அடையாளமே தெரியல. மூடறதுல தாமதமானா என்ன ஆகும்னு அதுல பார்க்கலாம்.

ரிங்_ஓரம்:

நன்றி அண்ணே. அப்போ 1994ல சாம்பியன் மைக்கேல் மூரரோட ஆடின சண்டை? ஒன்பது ரவுண்டு தோத்துக்கிட்டே வந்து பத்தாவதுல ஒரே குத்து. அதிர்ஷ்டக் குத்துன்னு எல்லா இடத்துலயும் எழுதறாங்க.

பழைய_மணியோசை:

அதிர்ஷ்டம் இல்ல தம்பி. பின்னணி சொல்றேன். மூரருக்கு 26 வயசு, 35 சண்டையும் ஜெயிச்சவர், அந்த ஏப்ரல்லதான் ஹோலிஃபீல்டை வீழ்த்தினார். இடதுகைக்காரர். ஃபோர்மேன் முந்தின வருஷம் டாமி மாரிசன்கிட்ட தோத்திருந்தார். வயசைக் காட்டி அனுமதி மறுத்தாங்க, கோர்ட் வரைக்கும் போய்த்தான் சண்டையே நடந்தது. நவம்பர் 5, லாஸ் வேகாஸ். 20 வருஷம் முன்னாடி கின்ஷாசால போட்டிருந்த அதே சிவப்பு டிரங்க்ஸ். கார்னர்ல ஏஞ்சலோ டண்டீ, கின்ஷாசால அலி பக்கம் நின்னவர்.

ஒன்பது ரவுண்டு முடிவுல 88-83, 88-83, 86-85. மூணு நடுவரும் மூரருக்கு. உண்மைதான்.

இப்ப கால்களைப் பாருங்க. வலதுகைக்காரனுக்கு எதிரா இடதுகைக்காரன் நின்னா, எதிராளியோட வலது கை இவனோட இடது பக்கத்துலேர்ந்து வருது. அதனால இவன் தன் வலது பக்கமா, முன்காலை வெளிப்பக்கம் வச்சுச் சுத்தணும். மூரரோட கோச் டெடி அட்லஸ் நேரா முன்னால நிக்காதேன்னு கத்திக்கிட்டே இருந்தார். மூரர் நின்னார். ஏன்? ஜெயிச்சுக்கிட்டு இருந்தார், வேகமான கை, பட்டுக்கிட்டே இருக்கு. ஃபோர்மேன் போட்ட ஜாப் மூரரைக் காயப்படுத்த இல்ல, வலது கைக்கு நேரா நிறுத்தி வைக்கத்தான். நடு நடுவுல கொஞ்சம் அகலமா இடது கையைப் போட்டு அந்தப் பக்கம் நகர விடாமப் பண்ணார்.

பத்தாவதுல ஒரு ஒன்-டூ (ஜாப், உடனே வலது) பட்டுச்சு. மூரர் நகரல. அடுத்த ஒன்-டூல ஜாப் பார்வையை மறைக்க, வலது கை குட்டையா, கொஞ்சம் கீழ்நோக்கித் தாடைல இறங்குச்சு. தூரம் ஒரு அடி கூட இருக்காது. 1974ல அதே கையை ரெண்டு அடி சுத்தி வீசிக்கிட்டிருந்தார். 2 நிமிஷம் 3 விநாடில நடுவர் ஜோ கார்டெஸ் பத்து எண்ணி முடிச்சார். 45 வயசுல ஹெவிவெயிட் சாம்பியன், இன்னிக்கு வரைக்கும் அந்த வயசை யாரும் தாண்டல.

மாரிசன் சண்டையை இதோட சேர்த்துப் பார்த்தா இன்னும் புரியும். மாரிசன் 12 ரவுண்டும் நிக்கவே இல்ல, குத்திட்டு விலகிக்கிட்டே இருந்தார். இந்த ஆட்டத்துக்கு மருந்து அது ஒண்ணுதான். அது தெரிஞ்சும் மூரர் பண்ணல.

சோடா_பாட்டில்:

கையில இருந்த ரெண்டு பட்டத்தையும் கொஞ்ச நாள்ல விட்டாரேப்பா. டோனி டக்கரோட மோதலன்னு ஒண்ணு போச்சு, 1995ல ஆக்சல் ஷுல்ஸை ஒரு சந்தேகத் தீர்ப்புல ஜெயிச்சுட்டு மறுசண்டை ஆடாம இன்னொண்ணையும் கொடுத்தார். கடைசி சண்டை 1997 நவம்பர் ஷானன் பிரிக்ஸ், அங்க இவருக்கு எதிரா சந்தேகத் தீர்ப்பு, அதுக்கு இது சரியாப் போச்சு. மொத்தம் 76 வெற்றி, 5 தோல்வி, 68 நாக்அவுட். காசு வந்தது தன் பேர்ல வித்த கிரில் அடுப்புல, 1999ல அவர் பேரைப் பயன்படுத்தற உரிமைக்கு மட்டும் 13.75 கோடி டாலர்.

குறுக்குக்_கார்டு:

ரிங் ஓரம், உங்க கடைசிக் கேள்விக்கு வர்றேன். அமெச்சூர்ல இறங்கப் போறீங்கன்னா இதை முதல் கார்டா பழகாதீங்க. ஏன்னா அங்க மூணு நிமிஷ ரவுண்டு மூணே மூணுதான். ஃபோர்மேன் மாதிரி ஒன்பது ரவுண்டு காத்திருந்து பிடிக்க நேரமே இல்ல. தாக்காம மூடிக்கிட்டே நின்னா அமெச்சூர் விதிப்படி அதுவே ஃபவுல் வரைக்கும் போகும். ஃபோர்மேன் ரெண்டு கையாலயும் எதிராளி தோளைத் தள்ளுவாரே, கிங்ஸ்டன்ல ஃப்ரேசியரை அப்படித்தான் எட்ட வச்சு அடிச்சார், அதுக்கும் எச்சரிக்கை கிடைக்கும்.

முதல்ல வழக்கமான உயர்ந்த கார்டு, ஆறு மாசமாவது. அப்புறம் இதை அவசரக் கதவா மட்டும் சேர்த்துக்கங்க. பழகற முறை: கண்ணாடி முன்னால 2 ரவுண்டு, மணிக்கட்டைக் கட்டி, ஜாப் போட்டதும் இடது கை திரும்பி வலது முழங்கைக்குக் கீழே வந்து நிக்குதான்னு மட்டும் பாருங்க. அடுத்து கூட்டாளி ஒருத்தர் 16 அவுன்ஸ் க்ளவுஸ்ல மெதுவா ஜாப், நேர் வலது மட்டும் போடணும், 3 ரவுண்டு, நீங்க திருப்பி அடிக்கவே கூடாது. அது சரியா வந்த பிறகு இடது ஹூக் விலாவுக்கு, அப்புறம் காதுக்கு, இந்த வரிசையில. அப்பர்கட்டைக் கடைசில சேருங்க. ஹெட்கார்டு போட்டிருந்தா முன்கைக்கு மேல பார்க்கிறது கஷ்டம், அப்ப முன்கையை ரெண்டு விரல் இறக்கிக்கங்க, தாடையை அதுக்கேத்த மாதிரி இன்னும் உள்ளே.

பேக்ல செலவைக் குறைக்கிற பழக்கத்துக்கு ஒரு வழி: 6 ரவுண்டு, முதல் 2 ரவுண்டு ஜாப் மட்டும், அடுத்த 2 ஜாப்-வலது, கடைசி 2 எதை வேணா. ஒவ்வொரு குத்துக்கும் மூச்சு வெளிய வரணும். ஆறாவது ரவுண்டு குத்து எண்ணிக்கை முதல் ரவுண்டுல பாதிக்குக் கீழே போனா, முதல் ரவுண்டைத்தான் குறைக்கணும்.

ரிங்_ஓரம்:

இடதுகைக்காரர்னா அப்படியே கண்ணாடி மாதிரி மாத்திக்கலாமா?

குறுக்குக்_கார்டு:

மாத்தலாம், ஆனா அப்ப மூடற விலா இடது பக்கம். வலதுகைக்கார எதிராளியோட பின்கை, அதாவது அவரோட கனமான கை, நேரா உங்க முன்கைகளுக்கு நடுவுல வரும். கல்லீரல் முன்பக்கம் வந்துடுது, அதை மூட வேண்டிய வலது கையைத்தான் நீங்க ஜாப்புக்கு நீட்டுவீங்க. ஜாப் போட்ட கை வயித்துக்குத் திரும்பற வேகம் ரெண்டு மடங்கு முக்கியம். அது வரலைன்னா இந்த கார்டை விட்டுடுங்க.